எந்தத் தேதியிலிருந்து?

2024 செப்டம்பர் கடைசியில் பிட்ஸ்பர்க்கில் மகள் வீட்டில் போய் இறங்கினேன். கொஞ்ச நாளில் அந்த ஊரில் ஒரே கேள்வி ஓட ஆரம்பித்தது. பீல்ட்ஸா, வில்சனா? தேர்தல் நேரம் என்பதால் ஏதோ வேட்பாளர்கள் என்று நினைத்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, இரண்டு பேரும் ஊர் அணியான ஸ்டீலர்ஸின் குவார்ட்டர்பேக்குகள். இளையவர் ஜஸ்டின் பீல்ட்ஸ் ஆறு ஆட்டம் ஆடி நாலில் ஜெயித்துக் கொடுத்தார். அப்படியும் பயிற்சியாளர் மைக் டாம்லின் அக்டோபர் நடுவில் அவரை உட்காரவைத்துவிட்டு மூத்தவர் ரஸ்ஸல் வில்சனை இறக்கினார். அன்றைக்கு ஆரம்பித்த வாக்குவாதம் நான் ஜனவரியில் விமானம் ஏறும்வரை ஓயவில்லை.

ஃபுட்பால் என்றால் எனக்குக் காலால் உதைப்பது. பிரஞ்சுப் பள்ளியில் படித்த நாட்களில் சாயங்காலம் மணலில் ஓடி ஓடி உதைத்த பந்து. அமெரிக்க ஃபுட்பாலில் காலுக்கு வேலை குறைவு. பந்தும் உருண்டை இல்லை, மட்டை உரிக்காத தேங்காய் மாதிரி இருக்கிறது. ஞாயிறு மத்தியானம் ஆனால் மாப்பிள்ளையின் நண்பர்கள் நாலைந்து பேர் வந்துவிடுவார்கள். எல்லார் கையிலும் ஒரு மஞ்சள் துண்டு. 'டெரிபிள் டவல்' என்று பெயர், 1975 முதல் அந்த ஊர் வழக்கம். (மஞ்சள் துண்டு என்றதும் உங்களுக்கு யார் நினைவு வருகிறாரோ அவர்தான் எனக்கும் வந்தார்.) எனக்கு ஒரு மூலை நாற்காலி. இன்னொரு மூலையில் அடுத்த வீட்டுக்காரர். இரும்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என் வயதுதான். அதிகம் பேசமாட்டார்.

ஆட்டத்தை மாப்பிள்ளைதான் எனக்குப் புரியவைத்தார். பதினோரு பேரில் பந்தை வாங்கி, இரண்டு மூன்று விநாடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவு செய்பவர் குவார்ட்டர்பேக். எதிரணி ஆட்கள் அவரை அமுக்கப் பாய்ந்து வருவார்கள். அவர்களைத் தடுக்க ஐந்து பேர். நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, அதற்கும் அப்பால் டேக்கிள். இப்போது ஆடுகிறவர்கள் ஒவ்வொருவரும் சுமார் 140 கிலோ. பெயர் ஆஃபென்சிவ் லைன். பந்தை எறியும்போதெல்லாம் இவர்கள் வேலை காவல் நிற்பதுதான்.

"இவங்களை லைன்மேன்னு சொல்வோம் மாமா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் லைன்மேன் என்றால் கம்பத்தில் ஏறுகிறவர். யோசித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. கரண்ட் இருக்கும்வரை அவரை யாரும் நினைப்பதில்லை. போன பிறகுதான் "லைன்மேன் எங்கய்யா?" என்று தெருவே கேட்கும். இந்த ஆட்டத்திலும் அப்படித்தான். குவார்ட்டர்பேக்குக்கு எத்தனை எறிந்தார், எத்தனை கெஜம் போனது என்று கணக்கு மேல் கணக்கு. லைன்மேன் தப்பாக ஆளைப் பிடித்துவிட்டால் மட்டும் நடுவர் அவர் நம்பரைச் சொல்லிப் பத்து கெஜம் அபராதம் போடுவார். அன்றைக்கு மொத்தக் கூட்டமும் அவரைத் தெரிந்துகொள்வது அந்த ஒரு நொடியில்தான்.

பீல்ட்ஸா வில்சனா என்று கேட்டவர்கள் யாரும் அந்த ஐந்து பேரைப் பற்றிப் பேசவில்லை. எனக்கென்னவோ அதுதான் அடிப்படை என்று பட்டது. பழைய ஆட்டங்களை மாப்பிள்ளை போட்டுக் காட்டினார். 2021 பிப்ரவரி சூப்பர் பவுலில் கான்சஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸுக்கு இரண்டு டேக்கிள்களும் காயத்தால் ஆடவில்லை. மனிதர் ஆட்டம் முழுக்க உயிருக்குப் பயந்து ஓடுகிற மாதிரி ஓடினார், 31-9 என்று தோற்றார்கள். உடனே ஏறக்குறைய முழு லைனையும் மாற்றினார்கள். 2023 பிப்ரவரியில் பிலடெல்ஃபியா அணியால் அவரை ஒருமுறைகூடச் சாய்க்க முடியவில்லை, 38-35 என்று ஜெயித்தார். நான் ஊர் திரும்பிய பிறகு, 2025 பிப்ரவரியில், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தேன். அதே பிலடெல்ஃபியா அவரை ஆறு முறை சாய்த்தது. 40-22 தோல்வி. மூன்று ஆட்டத்திலும் அதே மஹோம்ஸ், அதே கைதான். சின்சினாட்டியின் ஜோ பர்ரோவை 2022-இல் ஒரே ஆட்டத்தில் ஒன்பது முறை சாய்த்தார்கள். அன்றைக்கு எப்படியோ ஜெயித்துவிட்டார். அடுத்த மாதம் சூப்பர் பவுலில் ஏழு முறை விழுந்து எழுந்தார், மூன்று புள்ளியில் போயிற்று.

எங்கள் ஊரில் பெத்தாங் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பிரஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தாக்கள் சாயங்காலம் இரும்புக் குண்டோடு வந்துவிடுவார்கள். எதிராளி குண்டைத் தூக்கி அடித்துத் தெறிக்கவிடுகிறவர் திரேர். கைதட்டல் எல்லாம் அவருக்கு. மெதுவாக உருட்டிக் கொண்டுபோய்ச் சின்னக் கட்டைப் பந்தை ஒட்டி வைக்கிறவரை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் புள்ளி விழுவது எது ஒட்டி நிற்கிறதோ அதற்குத்தான்.

இது வரைக்கும் ரசனை பற்றிய விஷயம். இதற்காக நான் எழுத உட்காரவில்லை.

ஒரு ஞாயிறு பேச்சு 'டிஃப்ளேட்கேட்' பக்கம் திரும்பியது. நண்பர்களில் ஒருவர் பாஸ்டனில் படித்தவர், டாம் பிரேடி பக்தர். 2015 ஜனவரியில் ஒரு ஆட்டத்தில் பிரேடியின் அணி பந்தில் காற்றைக் குறைத்து வைத்தது என்று புகார். லீக் ஒரு வழக்கறிஞரை வைத்து விசாரித்து 243 பக்க அறிக்கை வாங்கியது. அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதம், பிரேடிக்கு நாலு ஆட்டம் தடை. அவர் நீதிமன்றம் போனார். கீழ்க்கோர்ட் தடையை ரத்து செய்தது, 2016-இல் மேல்கோர்ட் திரும்ப விதித்தது. இவ்வளவும் பந்தில் இருந்த காற்றுக்காக! பத்து வருஷம் கழித்தும் இரண்டு படித்த பையன்கள் சோபாவில் எழுந்து நின்று அதற்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அடுத்த வீட்டுக்காரர் வாய் திறந்தார். "காற்றுக்கு 243 பக்கம். மைக் வெப்ஸ்டருக்கு எத்தனை பக்கம் எழுதினார்கள்?" என்றார். அறை அமைதியானது. இளைஞர்களுக்குப் பெயர் தெரிந்திருந்தது, விவரம் தெரியவில்லை. எனக்கு இரண்டும் தெரியாது. பிறகு தேடிப் படித்தேன்.

மைக் வெப்ஸ்டர் ஸ்டீலர்ஸின் சென்டர். 1974 முதல் 1988 வரை அங்கே, பிறகு இரண்டு வருஷம் கான்சஸ் சிட்டியில். நாலு சூப்பர் பவுல் ஜெயித்த அணி. குவார்ட்டர்பேக் டெர்ரி பிராட்ஷா கைக்குப் பந்து இவர் கால்களுக்கு நடுவிலிருந்துதான் போகும். பந்தைக் கொடுத்த அடுத்த நொடியே எதிராளியின் தலை இவர் தலையில் மோதும். 245 ஆட்டங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனையோ மோதல்கள், பயிற்சியில் வாங்கியது தனி. 1991-இல் ஓய்வு பெற்றார். பிறகு மனது குழம்பி, பணம் கரைந்து, குடும்பம் சிதறி, பல இரவுகள் தன் வண்டியிலேயே படுத்துக் கிடந்தார். 2002-இல் 50 வயதில் இறந்தார். பிட்ஸ்பர்க் பிரேதப் பரிசோதனை நிலையத்தில் வேலையில் இருந்த நைஜீரிய மருத்துவர் பென்னட் ஒமாலு அவர் மூளையைச் சோதித்து, திரும்பத் திரும்ப அடிபட்டதால் வரும் சிதைவு என்று கண்டு, 2005-இல் கட்டுரை வெளியிட்டார். லீக்கின் மருத்துவக் குழுவைச் சேர்ந்தவர்கள் அதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். அந்தக் குழுவுக்கு 1994 முதல் பல வருஷம் தலைவராக இருந்தவர் ஒரு மூட்டுவாத மருத்துவர். தலைக்கு மூட்டு டாக்டர்.

இதெல்லாம் சினிமாவாகவே வந்துவிட்டது, பலருக்குத் தெரிந்திருக்கும். என்னைத் தூங்கவிடாமல் செய்தது சினிமாவில் வருகிற விஷயம் அல்ல, பென்ஷன் ஃபைல்.

வெப்ஸ்டர் உயிரோடு இருக்கும்போதே, 1999-இல், ஊனமுற்றோர் பென்ஷனுக்கு மனுப் போட்டார். வீரர்களின் ஓய்வூதிய வாரியத்தில் ஆறு பேர், முதலாளிகள் தரப்பில் மூன்று, வீரர் சங்கத் தரப்பில் மூன்று. அவர்கள் மறுக்கவில்லை. ஆட்டத்தில் தலையில் பட்ட அடியால்தான் இந்த நிலை என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். லீக் வெளியே "அப்படி ஒன்றும் நிரூபணமாகவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில், ஃபைலுக்குள் உண்மை இருந்தது! ஆனால் ஊனம் ஓய்வு பெற்றபோதே இருந்ததா, அதற்குப் பிறகு வந்ததா என்று கேட்டு, பிறகுதான் என்று முடிவு செய்தார்கள். 1991-இல் இருந்து என்றால் தொகை அதிகம். பிறகு வந்தது என்றால் குறைந்த விகிதம், அதுவும் 1996-இல் இருந்துதான். வாரியம் அனுப்பிய மருத்துவரே 1991 என்றுதான் சொல்லியிருந்தார். அவர் இறந்த பிறகு 2005-இல் ஒரு நீதிமன்றமும் 2006-இல் மேல்கோர்ட்டும் வாரியம் செய்தது தவறு என்று தீர்ப்பளித்தன. பணம் பிள்ளைகளுக்குப் போனது.

நண்பர்களே, 'இல்லை' என்று எழுதுகிற குமாஸ்தாவைப் பற்றி எல்லோரும் திட்டுவீர்கள். கெட்டிக்காரக் குமாஸ்தா 'இல்லை' என்று எழுதமாட்டான். 'உண்டு' என்று எழுதி, தேதியைத் தள்ளிப் போடுவான். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். ஒரு லைன்மேன், நம்ம ஊர் லைன்மேன், கம்பத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, இரண்டு வருஷம் இலேசான வேலை என்ற பெயரில் வந்து போய்க்கொண்டிருந்தார். கையெழுத்துப் போடக் கை நடுங்கும். கடைசியில் மருத்துவக் குழு தகுதியற்றவர் என்று சான்று கொடுத்தது. விழுந்த தேதியிலிருந்தா, சான்று தேதியிலிருந்தா? விதியில் இரண்டுக்கும் இடம் இருந்தது. தணிக்கை ஆட்சேபணை வராமல் இருக்க, நான் சான்று தேதியை வைத்துக் குறிப்பு எழுதினேன். மேலே இருந்தவர்கள் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்கள். அவர் சம்சாரம் வந்து "ஏங்க சார், விழுந்தது அன்னிக்கித்தானே?" என்று மட்டும் கேட்டார். நான் விதி எண்ணைச் சொன்னேன்.

ஆகவே வாரியத்து ஆட்களை ரொம்பவும் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். மூளை பாதித்த வீரர்கள் போட்ட பெரிய வழக்கில் லீக் 2013-இல் 76.5 கோடி டாலருக்கு ஒத்துக்கொண்டு, பிறகு உச்சவரம்பே இல்லாமல் 2015-இல் அந்தச் சமரசம் உறுதியானது. அதில் நினைவுத்திறன் சோதனைக்குக் கறுப்பர்களுக்குத் தனி அட்டவணை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். கறுப்பருக்கு ஆரம்பத்திலேயே திறன் குறைவு என்று வைத்துக்கொண்டால், இழந்தது கொஞ்சம்தான் என்று வருமல்லவா? 2020-இல் முன்னாள் ஸ்டீலர்ஸ் வீரர்கள் இரண்டு பேர் வழக்குப் போட்ட பிறகு, 2021-இல்தான் இதை நிறுத்துவதாக லீக் சொன்னது. எனக்கு இது எங்கேயோ பார்த்த கதை. பிரான்சுக்காகச் சண்டை போட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்களின் பென்ஷனை 1959-இல் போட்ட சட்டம் அப்படியே உறையவைத்தது. பக்கத்தில் நின்று சுட்ட பிரஞ்சுக்காரனுக்கு ஏறிக்கொண்டே போனது. சொல்தா விதவைகளுக்காகப் பிரான்சுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தும், உயிரோடிருக்கும் சான்று நிரப்பிக் கொடுத்தும் பழகியவன் நான். அட்டவணை இரண்டாக இருந்தால் மைக்கு முன்பே முடிவு எழுதியாகிவிட்டது என்று எனக்குத் தெரியும்.

விசிறிகள் என்ன செய்ய முடியும் என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கும் அந்த ஆட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2012-இல் நடுவர்களோடு லீக்குக்குத் தகராறு, அவர்களை வெளியே நிறுத்திவிட்டு மாற்று ஆட்களை வைத்து ஆட்டம் நடத்தினார்கள். தகராறின் முக்கியமான காரணம், நம்புங்கள், பென்ஷன்தான். வாரக்கணக்கில் இழுத்தது. செப்டம்பர் 24 இரவு சியாட்டில் ஆட்டத்தின் கடைசி எறிதலில் மாற்று நடுவர்கள் கொடுத்த தீர்ப்பைப் பார்த்து நாடே கத்தியது. 26-ஆம் தேதி இரவு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இருந்த நடுவர்களுக்குப் பழைய பென்ஷன் இன்னும் சில வருஷம் தொடர்ந்தது. விசிறிகள் பென்ஷனுக்காகக் கத்தவில்லை, தீர்ப்புக்காகத்தான் கத்தினார்கள். ஆனாலும் கத்தியது கேட்டது. அந்தத் தொண்டையைக் காற்றுக்கும் வில்சனுக்கும் செலவழிக்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். "நீங்க சொல்றது சரிதான் மாமா, ஆனா பீல்ட்ஸை மாத்தியிருக்கக் கூடாது" என்றார்.

ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். ஸ்டீலர்ஸ் கடைசி நாலு ஆட்டமும் தோற்று, அடுத்த சுற்றிலும் பால்டிமோரிடம் தோற்று வெளியே வந்திருந்த நேரம். 1980 ஜனவரியில் நாலாவது கோப்பை வாங்கிய அணியின் ஐந்து லைன்மேன்கள் யார் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். ஜான் கோல்ப், சாம் டேவிஸ், வெப்ஸ்டர், ஜெரி மல்லின்ஸ். அதற்கு மேல் வரவில்லை. கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். எனக்கே சங்கடமாகிவிட்டது, பேச்சை மாற்றினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டினார். வெளியே பனி, தலையில் தொப்பிகூட இல்லை. "லாரி பிரவுன்" என்றார். "முதல் சூப்பர் பவுலில் பந்தைப் பிடித்து டச்டவுன் போட்டவன். அப்புறம்தான் லைனுக்கு மாற்றினார்கள்." உள்ளே வரச் சொன்னேன். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.