பெட்டைக்கும் கடுவனுக்கும் ஒரே அளவுகோலா?

தென்காசி மாவட்டம் மேலநீலிதநல்லூரைச் சுற்றிய கரிசல் காடுகளுக்குச் சொந்தமான வேட்டை நாய்கள் சிப்பிப்பாறையும் கன்னியும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல் வேட்டை குற்றம். இப்போது இவற்றுக்குத் தோட்டக் காவல்தான் வேலை.

ஒடுங்கிய முகம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு இரண்டு வகை நாய்களுக்கும் பொது. கடுவனுக்கு உயரமும் எலும்புக் கனமும் கூடுதல். பெட்டை சற்றுக் குட்டை, மெலிந்த உடல். இது குறையல்ல, இயல்பு. கருப்பில் பழுப்பு கலந்தால் கன்னி; செவலை, சாம்பல் என்றால் சிப்பிப்பாறை என்பார்கள். இரண்டும் ஒரே இனமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. வடக்கே ராஜபாளையம் போனால் ஆளே வேறு: வெள்ளை நிறம், கனத்த உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 2005இல் அஞ்சல்தலையிலும் ஏறிய நாய் அது.

பெட்டையையும் கடுவனின் அளவுகோலால் அளந்து, உயரத்துக்கே விலை என்றால், உயரமான அயல்நாட்டு இனமான கிரேஹவுண்டின் ரத்தத்தைக் கலக்க ஆசை வரத்தான் செய்யும். பிறகு நாட்டு இனம் பெயரில் மட்டுமே மிஞ்சும்.

கால்நடைத் துறை ஊர்வாரியாக, கடுவனையும் பெட்டையையும் தனித்தனியே அளந்து பதிய வேண்டும். குட்டி வாங்குவோரும் அதன் தாயை நேரில் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.