குழந்தைக்கு உகந்த சிற்றுயிர்

பழனிக்கு வடக்கே விரிந்து கிடக்கும் சமவெளியில் தொப்பம்பட்டி என்னும் ஊர் உள்ளது. திண்டுக்கல் மாவட்டத்து ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்று இவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கிறது. இப்பகுதி உழவர் இல்லங்களில், குழந்தை விளையாடுவதற்கு ஓர் உயிர் வேண்டுமே என்று முன்னாளில் எவரும் கவலையுற்றதில்லை. தொழுவத்தில் கன்று துள்ளியது. பட்டியில் ஆட்டுக்குட்டி தாவியது. முற்றத்தில் கோழி தன் குஞ்சுகளோடு மண்ணைக் கிளறியது. குழந்தை நடை பயிலும்போதே அவற்றோடு பழகியது. கன்றின் வாலை எவ்வளவு இழுத்தால் அது உதைக்கும் என்பதை யாரும் கற்பிக்காமலே கற்றுக்கொண்டது.

இன்று அந்நிலை மாறிவிட்டது. தொழுவம் இல்லாத வீடுகள் பெருகியுள்ளன. இரண்டு மூன்று அறைகளே உடைய வீட்டில், தாயும் தந்தையும் வேலைக்குச் சென்று மீளும் குடும்பத்தில், நான்கு வயதுக் குழந்தை “எனக்கு ஒரு கிளி வேண்டும்” என்று கேட்கிறது. அல்லது முயல் வேண்டும் என்று அழுகிறது. கேட்பது குழந்தையே, ஆயினும் வாங்குபவர் பெரியவர். எதை வாங்குவது, வாங்காமல் விடுவது எது என்பதைப் பொறுத்தே ஓர் உயிர் நலமாக வாழ்வதும் நலிந்து மடிவதும் அமைகின்றன. ஆகவே இதனை அற்பப் பொருளென்று தள்ளுதல் பொருந்தாது.

பழனிமலைக்குப் பழம்பெயர் பொதினி என்பதாகும். அந்நாட்டை ஆண்ட ஆவியர் குடித் தலைவன் வையாவிக் கோப்பெரும் பேகன், கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவன் ஒரு மயிலைக் கண்டு, அது குளிரால் நடுங்கியதோ என்று இரங்கித் தன் போர்வையை அதற்கு அளித்தான். மயில் அதனைப் போர்த்துக்கொள்ளாது என்பது அவனுக்குத் தெரியாததன்று எனப் பரணர் புறநானூற்றில் கூறுகின்றார். இதனைக் கொடைமடம் என்று புலவர் போற்றுவர். அருள் நிறைந்த உள்ளத்தைப் போற்றினரேயன்றி, மயிலுக்குப் போர்வை தேவை என்று அவர் எவரும் சொல்லவில்லை. மயிலுக்கு இரங்கிய அப்பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தபோது, கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவள் துயரைச் சொல்லி அவனை இடித்துரைக்க வேண்டியிருந்தது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஒரு நாள் கொடுத்துவிட்டுப் போகும் வள்ளலுக்குக் கொடைமடம் அழகாகலாம். நாள்தோறும் ஓர் உயிரை வீட்டில் வைத்துப் பேணுவோர்க்கு அது போதாது. அவ்வுயிர்க்கு வேண்டுவது எது என்னும் அறிவே அவர்க்கு முதற்கண் வேண்டும்.

இவ்வளவைக் கொண்டு பார்த்தால், குழந்தைகள் பெரிதும் விரும்பும் கிளியே முதலில் விலக்கப்பட வேண்டியதாகும். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களின் இளமைப் பெயர்கள் ஒன்பதனைத் தொகுத்துரைத்தார். அவற்றுள் ‘பிள்ளை’ என்பதும் ஒன்று. கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை என்று இன்றும் வழங்குகிறோம். பிள்ளை என்று பெயரிட்டு அழைக்கும் மக்களே, மரப்பொந்தில் கண் திறவாத கிளிக்குஞ்சைத் தாயினிடமிருந்து பிரித்தெடுத்து, இறகை வெட்டிக் கூண்டில் அடைக்கின்றனர் என்பது வியப்பன்றோ? கூட்டமாகப் பறந்து, வயலுக்கும் மரத்துக்கும் நாளும் நெடுந்தொலைவு சென்று மீளும் பறவை அது. முழநீளக் கூண்டில் அது பேசும் இரண்டு சொல்லைக் கேட்டு மகிழ்தல் எத்தகைய மகிழ்ச்சி? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியையும் மைனாவையும் சில்லைக் குருவியையும் பிடித்தலும் விற்றலும் வீட்டில் அடைத்து வைத்தலும் குற்றமாகும். அறியாமல் வாங்கி வைத்திருப்போர் அதனைத் திறந்துவிடுதலும் தவறு. கூண்டிலேயே வளர்ந்த பறவை வெளியில் காக்கைக்கும் பூனைக்கும் இரையாகும். வனத்துறையினரிடம் ஒப்படைப்பதே முறை.

நட்சத்திர ஆமைக்கும் இதே சட்டம் உண்டு. அதனை வைத்திருந்தால் செல்வம் பெருகும் என்னும் மூடநம்பிக்கையால் அவ்வினம் கடத்தப்பட்டு அருகி வருவதால், 2019ஆம் ஆண்டில் அதன் பன்னாட்டு வாணிகம் முற்றும் தடை செய்யப்பட்டது. அதற்கு மாற்றாக, கண்ணுக்குப் பின் செங்கோடு உடைய சிறு பச்சை ஆமையைக் கடைகளில் விற்கின்றனர். அது அமெரிக்க நாட்டு ஆமை. விற்கும்போது நாணயத்தளவே இருப்பது, வளர்ந்து ஓரடி நீளத்தை எட்டக்கூடும்; பல்லாண்டு வாழும். ஆமைகளின் உடலில் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி இருப்பது இயல்பு. ஆமையைத் தொட்ட கையை வாயில் வைக்கும் சிறு குழந்தைகள் நோயுற்றமையால், நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை விற்பதை அமெரிக்க அரசு 1975ஆம் ஆண்டிலேயே தடுத்தது. பிறந்த நாட்டிலேயே தடுக்கப்பட்ட பொருளை இங்குக் குழந்தையின் கையில் கொடுத்தல் ஏன்?

முயலைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். ஏனெனில் திண்டுக்கல் மாவட்டத்துக் குழந்தைகள் முயலை விரும்புவதற்குக் காரணம் உண்டு. கொடைக்கானலுக்கு மேற்கே மன்னவனூரில், மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் உள்ளது. அங்கே செம்மறியாடுகளோடு முயல்களையும் வளர்க்கின்றனர். சுற்றுலா சென்ற குழந்தை அங்கே வெண்பஞ்சுப் பொதி போன்ற முயலைக் கண்டு, தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறது. மன்னவனூர் குளிர்ந்த மலையூர். தொப்பம்பட்டியோ சித்திரை வெயிலில் கல்லும் கொதிக்கும் சமவெளி. ஒரே மாவட்டத்துள் இரண்டு பருவங்கள்! முயலுக்கு வியர்த்துக் குளிரும் ஆற்றல் இல்லை. தன் நீண்ட செவிகளின் வழியாகவே வெப்பத்தைப் பெரிதும் வெளிவிடுகிறது. தகரக் கூரையின் கீழ்க் கோடைநாளில் அடைத்த முயல் ஒரு பிற்பகலிலேயே இறந்துபோதல் கூடும். மேலும், அதன் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன. ஓயாமல் புல்லை அரைத்தால்தான் அவை தேயும். கேரட்டும் பிஸ்கட்டும் கொடுத்து வளர்ப்போர் இதனை அறியார். காட்டில் முயலைத் தூக்குவது பருந்தும் நரியுமே ஆதலின், குழந்தை வாரியெடுக்கும்போதெல்லாம் அது சாவை எண்ணி நடுங்குகிறது. திமிறிப் பின்னங்காலை உதைக்கையில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்வதும் உண்டு. பத்து வயதுப் பிள்ளை தரையில் அமர்ந்து, முயல் தானே வந்து மடியேறும்வரை பொறுத்திருக்கும். நான்கு வயதுக் குழந்தைக்கு அப்பொறுமை ஏது?

ஆம்ஸ்டர் என்னும் சிறு எலி இனம் இப்போது நகரத்துக் கடைகளுக்கு வந்துள்ளது. 1930ஆம் ஆண்டில் சிரியா நாட்டு அலெப்போ நகருக்கு அருகில் பிடிக்கப்பட்ட ஒரு தாய், குட்டிகளின் வழியிலேயே உலகெங்கும் வளர்க்கப்படும் பொன்னிற ஆம்ஸ்டர்கள் பெரும்பாலும் தோன்றின. அது இரவில் விழித்துப் பகலில் உறங்கும் உயிர். குழந்தை விளையாட விரும்பும் நேரம் அதற்கு நள்ளிரவு. உறக்கத்தில் எழுப்பினால் கடிக்கும். இனி, ‘லவ் பேர்ட்ஸ்’ என்று நம்மவர் அழைக்கும் சிறு பறவை உண்மையில் ஆஸ்திரேலிய நாட்டுப் பட்ஜெரிகர் ஆகும். அப்பெயர்க்குரிய பறவைகள் ஆப்பிரிக்காவில் வேறாக உள்ளன. 1840ஆம் ஆண்டில் ஜான் கூல்டு என்னும் ஆங்கிலேயர் அதனைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றார். தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்வதால் அதனை வளர்ப்பதில் சட்டத் தடை இல்லை. இடமகன்ற கூண்டும் துணைப்பறவையும் அளிக்கக்கூடியோர், பிள்ளை பள்ளிக்குச் செல்லும் வயதை அடைந்தபின் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

பூனையை இவ்வரிசையில் சேர்ப்பது கடினம். வீட்டார் பூனையைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பூனை வீட்டைத் தேர்ந்தெடுப்பதே பெரும்பான்மை. எனினும் தெருவில் கண்ட குட்டியைத் தடுப்பூசி இடாமல் குழந்தையோடு பழகவிடலாகாது. பூனையோ நாயோ கடித்தாலும் கீறினாலும், அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி இட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் தடவிக் காத்திருந்தவர் உயிரிழந்ததுண்டு. எவ்வளவு பழகிய விலங்காயினும் அதனையும் குழந்தையையும் தனித்து விட்டுச் செல்லுதல் தவறு. தொட்டிற்பிள்ளையைக் கீரிப்பிள்ளையின் காவலில் விட்டுச் சென்ற பார்ப்பனியின் கதையைச் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை குறித்துச் செல்கிறது. பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்த கீரியை ஆராயாமல் அவள் கொன்றாள் என்று அவளது அவசரத்தையே எல்லாரும் பழிப்பர். குழந்தையையும் கீரியையும் தனியே விட்டுப் போனதை எவரும் பழிப்பதில்லை.

அவ்வாறாயின் குழந்தைக்கு உகந்த சிற்றுயிர்தான் யாது எனின், மீன் என்பதே விடை. அதனினும் கப்பி என்னும் சிறு மீன் சிறந்தது. தென்னமெரிக்காவின் வடபுறத்து நீர்நிலைகளுக்கு உரியது. டிரினிடாட் தீவிலிருந்து இதனை அனுப்பிய கப்பி என்பார் பெயரால் வழங்குகிறது. சென்னையை அடுத்த கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பும் வாணிகமும் பெருகியிருத்தலின், தமிழகமெங்கும் இது எளிதில் கிடைக்கிறது. இச்சமவெளியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமாயிருக்கும்; பருப்பை வேகவிடாத அந்நீர் கப்பிக்கு ஒத்துக்கொள்ளும். ஆண்மீன் சிறிது, வண்ணவால் உடையது. பெண்மீன் பெரிது, நிறம் மங்கியது. முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும் இயல்புடையதாதலின், நீந்திக்கொண்டிருக்கும் தாயினிடமிருந்து குஞ்சு வெளிப்பட்டு உடனே நீந்துவதைக் குழந்தை கண்ணாரக் காணலாம். தாயே சில குஞ்சுகளை விழுங்குவதையும் காண நேரும். நீர்ச்செடிகள் அடர்ந்திருந்தால் குஞ்சுகள் ஒளிந்து பிழைக்கும்.

மீனை வாங்குவோர் செய்யும் பெரும்பிழை, உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் அதனை விடுவதாகும். பொன்மீனுக்கு அது சிறையினும் கொடிது. நன்கு பேணினால் பத்தாண்டுக்கு மேலும் வாழவல்ல அம்மீன் கிண்ணத்தில் சில திங்களில் மடிகிறது. கப்பிக்கும் நாற்பது லிட்டர் நீர் கொள்ளும் தொட்டியேனும் வேண்டும். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு தோன்றுகிறது. அதனை நஞ்சற்றதாக மாற்றும் நுண்ணுயிர்கள் புதுத்தொட்டியில் நிலைபெற ஏறக்குறைய ஒரு திங்கள் ஆகும். அதற்குள் பத்து மீன்களை ஒருங்கே விட்டால் அவை இறப்பது திண்ணம். “வீட்டுக்கு வந்த கண்ணேற்றை மீன் வாங்கிக்கொண்டது” என்று சிலர் ஆறுதல் கொள்வர். மீன் வாங்கியது அம்மோனியாவையே! முதலில் மூன்று மீன்களை விட்டு, வாரந்தோறும் நான்கிலொரு பங்கு நீரை மாற்றி வந்தால் இத்தீங்கு நேராது. குழாய்நீரில் குளோரின் கலந்திருப்பின் ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்து பிறகு ஊற்றுதல் வேண்டும். தொட்டி குழந்தை பற்றி இழுக்க இயலாத உறுதியான மேடைமேல், வெயில் படாத இடத்தில் இருத்தல் வேண்டும்.

உணவிடும் பணி குழந்தைக்கு உரியது. அளவிடும் பணி பெரியவர்க்கு உரியது. நான்கு வயதுக் குழந்தையிடம் உணவுப் புட்டியைக் கொடுத்தால் அன்பின் மிகுதியால் முழுவதையும் கொட்டிவிடும். இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று தீர்க்கும் அளவை ஒரு சிறு மூடியில் இட்டுக் காலையில் குழந்தையிடம் தரலாம்.

“தொடவும் இயலாத மீனிடம் குழந்தைக்கு என்ன பற்று வரும்?” என்று வினவுவோர் உளர். அவர்க்கு விடை எளிது. அவ்வயதில் குழந்தையின் பிடி வலிது, அளவோ அறியாது. பிடித்த பொருளை இறுகப் பற்றுவதே அதற்கு அன்பு. தன் கைக்கு எட்டாத உயிரொன்றைக் கண்ணால் மட்டும் பார்த்து, அது எப்போது பசிக்கிறது, எங்கே உறங்குகிறது என்று கவனித்தறிதல் அதற்குப் புதிய பயிற்சியாகும். குஞ்சுகள் பெருகித் தொட்டி நெருக்கமானால், வேண்டுவோர்க்குக் கொடுக்கலாம். கடைக்காரரிடமும் திருப்பித் தரலாம். சண்முகநதியிலோ ஊர்க்குளத்திலோ விடுதல் கூடாது. அயல்நாட்டு மீன் நம் நாட்டுச் சிறுமீன்களின் இரையையும் இடத்தையும் கவர்ந்துகொள்ளும்.

கப்பியின் வாழ்நாள் இரண்டாண்டு அளவினது. ஆகவே குழந்தை பள்ளியில் சேரும் முன்னரே ஒரு நாள் காலையில் மீனொன்று நீர்மேல் அசையாமல் மிதக்கும். குழந்தை அறியாமல் அதனை அகற்றி, அதே நிறத்து வேறொரு மீனைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் பலர். அவ்வாறு செய்யாமல், “இறந்துவிட்டது, இனி அசையாது” என்று தெளிந்த சொல்லில் சொல்லி, குழந்தையையும் உடன் அழைத்துச் சென்று முருங்கை மரத்தடியில் ஒரு சாண் குழி தோண்டிப் புதைக்கலாம். குழந்தை பல நாள் அதே கேள்வியைக் கேட்கும். கேட்கும்தோறும் அதே விடையைச் சலிப்பின்றிச் சொல்ல வேண்டும்.