காதால் கேட்ட சாட்சி

“என் காதால் கேட்டேன்” என்று ஒருவர் சொல்லிவிட்டால் நம் ஜனங்கள் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. சொல்லுகிறவர் பிரபலஸ்தராயிருந்தால் கோர்ட்டும் கேட்பதில்லை.

1932 மார்ச்சில் அமெரிக்காவில் ஆகாய விமானி லிண்ட்பர்க்கின் கைக்குழந்தை திருட்டுப் போயிற்று. அங்கே பார்த்தேன், இங்கே பார்த்தேன் என்று தேசம் பூராவும் சாட்சிகள் கிளம்பினார்கள். குழந்தையோ வீட்டுக்கு ஐந்து மைலுக்குள் பிணமாய்க் கிடந்தது மே மாதத்தில் தெரிந்தது!

நிற்க, ஏப்ரலில் பணம் கொடுத்த இராத்திரி, கல்லறைத் தோட்டத்தண்டை மோட்டாரிலிருந்த தகப்பனார் தூரத்தில் கேட்டது ஒருவன் கூப்பிட்ட இரண்டொரு வார்த்தை. அக்குரலைக் கொண்டு ஆளைச் சொல்லுவது கஷ்டம் என்று 1934 செப்டம்பரில் ஜூரிகள் முன் சொன்னவரே, சில தினங்களில் ஹாப்ட்மன் என்பவன் பேசக் கேட்டு அவனே என்றார். 1935 விசாரணையிலும் அப்படியே. 1936-ல் அவனுக்கு மின்சார நாற்காலி.

அவன் கொட்டகையில் அந்தப் பணம் அகப்பட்டது வாஸ்தவம். அவன் நிரபராதி என்று வாதாட நாம் வரவில்லை. லிண்ட்பர்க் பொய் சொன்னார் என்பதுமல்ல. குரல் ஞாபகத்தின் யோக்கியதைதான் நமது கேள்வி.

இவ்வழக்கைப் பார்த்து மெக்கீ என்ற அம்மையார் பரீட்சை செய்து 1937-ல் வெளியிட்டார். அறியாத குரலை மறுநாள் 100-க்கு 83 பேர் சரியாய்ச் சொன்னார்களாம். ஐந்து மாதம் கழித்து 13 பேர். லிண்ட்பர்க்குக்கோ ஏறக்குறைய முப்பது மாதம்.