ஸ்பானிய மொழிக்குத் தமிழே ஏணி

அயல்மொழி ஒன்றைக் கற்க ஆங்கிலமே வழி, தமிழ் அதற்குத் தடை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். ஸ்பெயின், மெக்சிகோ, ஆர்ஜென்டினா முதலிய ஏறத்தாழ 20 நாடுகளில் வழங்கும் ஸ்பானிய மொழியின் அடிப்படை இலக்கணத்தைச் சற்றே நோக்கினால், இவ்வெண்ணம் சரியன்று என்பது விளங்கும்.

முதலில் வினைச்சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘ஆப்லார்’ என்றால் பேசுதல். ‘ஆப்லோ’ என்றால் பேசுகிறேன். ‘ஆப்லாஸ்’ என்றால் பேசுகிறாய். ‘ஆப்லாமோஸ்’ என்றால் பேசுகிறோம். நான், நீ என்று எழுவாயைச் சொல்ல வேண்டுவதில்லை. விகுதியே அதை உணர்த்திவிடுகிறது. ‘வந்தேன்’ என்று சொல்லிப் பழகிய நமக்கு இது புதிதா? நீ என்பதற்குத் ‘தூ’ என்றும், மரியாதையாக நீங்கள் என்பதற்கு ‘உஸ்தெத்’ என்றும் சொல்வதும் நம் வழக்கம் போன்றதே.

கற்போர் பெரிதும் அஞ்சுவது ‘ஸேர்’, ‘எஸ்தார்’ என்னும் இரு வினைகளைக் கண்டுதான். ‘எஸ் திராங்கீலா’ என்றால் அவள் அமைதியானவள். ‘எஸ்தா திராங்கீலா’ என்றால் அவள் அமைதியாக இருக்கிறாள். முன்னது இயல்பு, பின்னது அப்போதைய நிலை. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே வினைதான். தமிழில் எண்ணிப் பார்ப்பவருக்கோ வேறுபாடு உடனே புலப்படும்.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. நமக்கு மேசையும் புத்தகமும் அஃறிணை. அங்கே மேசை பெண்பால், ‘லா மேஸா’. புத்தகம் ஆண்பால், ‘எல் லீப்ரோ’. காரணம் தேடிப் பயனில்லை. ஒவ்வொரு சொல்லையும் ‘எல்’ அல்லது ‘லா’வுடன் சேர்த்தே மனனம் செய்ய வேண்டும். பெண்கள் மட்டும் கூடி ‘நாங்கள்’ என்றால் ‘நொஸோத்ராஸ்’. ஓர் ஆண் சேர்ந்தாலும் ‘நொஸோத்ரோஸ்’ ஆகிவிடும். எங்கள் வகுப்பிற்கு முன்னதே போதும்!

ஐரோப்பாவில் இலத்தீனே கற்றோர் மொழியாக மதிக்கப்பட்ட காலத்தில், இலத்தீன் அறிஞரான அந்தோனியோ தெ நெப்ரிஹா 1492-ஆம் ஆண்டில் தம் நாட்டு மக்கள் பேசிய மொழிக்கு இலக்கண நூல் வெளியிட்டார். பிறமொழிப் புலமை அவரைத் தம் மொழியிலிருந்து பிரிக்கவில்லை. அதன் அமைப்பை ஆராயவே துணை செய்தது.

ஆகவே தோழியரே, தமிழ் வகுப்பில் கற்கும் திணை, பால், எண், இடம் ஆகியவற்றைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடாதீர்கள். பெற்றோர்களே, அயல்மொழி பயில வேண்டும் என்பதற்காக வீட்டில் தமிழை விலக்காதீர்கள். தாய்மொழி இலக்கணத்தைத் தெளிவாக அறிந்தவருக்கு வேற்றுமொழி இலக்கணம் எளிதாகும் என்பதே எங்கள் உறுதியான கருத்து.