மின்சாரம் கேளாத கருவி

பல ஆண்டுகளுக்கு முன்னர், பயிற்சி விமானிகளைப் பற்றிக் கட்டுரையொன்று எழுதுவதற்காக இரத்மலானைக்குச் சென்றிருந்தேன். இரு ஆசனங்கள் மட்டுமே கொண்ட செஸ்னா விமானமொன்றில் பயிற்றுநருக்கு அருகே அமரும் வாய்ப்புக் கிட்டியது. எனது ஒலிப்பதிவுக் கருவியை முன்கண்ணாடியின் கீழிருந்த தட்டில் வைத்தேன். அவர் எதுவும் பேசாமல் அதை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, மேலே சுட்டிக்காட்டினார். கண்ணாடியின் நடுவே, எலுமிச்சம்பழ அளவில், திரவம் நிரம்பிய குமிழொன்று. அதனுள் மிதந்த எண்வட்டம் மெல்ல ஆடித் தன்னிலைக்கு மீண்டுகொண்டிருந்தது. என் கருவியின் ஒலிபெருக்கியிலிருந்த காந்தம் அதனைப் பல பாகைகள் இழுத்துவிட்டிருந்தது.

அந்தக் காந்தத் திசைகாட்டியை இன்னும் எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று அண்மையில் இளம் நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. இன்றைய செஸ்னா 172 விமானத்தில் கார்மின் ஜி1000 போன்ற இரு பெருந்திரைகள் விமானியின் முன் ஒளிர்கின்றன. நிலப்படம், உயரம், வேகம், திசை அனைத்தும் அவற்றிலேயே தெரிகின்றன. சிறகினுள் பொருத்தப்பட்ட மின்னணுக் காந்தமானி திசையை அறிந்து திரைக்கு அனுப்புகிறது. செய்மதிகள் இடத்தைச் சொல்கின்றன. இத்தனைக்கும் மேலே, முகம் பார்க்கும் கண்ணாடி போலத் தொங்கும் இந்தப் பழங்காலப் பொருள் எதற்கு?

அது மின்சாரம் கேட்பதில்லை என்பதே என் முதற் பதில். மின்பிறப்பாக்கி செயலிழந்து மின்கலங்களும் தீர்ந்தால் திரைகள் இருண்டுவிடும். காந்தமானியின் தொடர்பு மட்டும் அறுந்தாலும் திசை இருக்கவேண்டிய இடத்தில் சிவப்புப் புள்ளடி விழும். குமிழுக்கு இவை எதுவும் தெரியாது. அமெரிக்க விதிகள் பகலில் கண்பார்வையால் மட்டும் பறப்பதற்குக்கூட வேகமானி, உயரமானி ஆகியவற்றுடன் காந்தத் திசைகாட்டியையும் கட்டாயமாக்கியிருப்பது பழமைப் பற்றினால் அன்று.

செய்மதிகளும் எப்போதும் கைகொடுப்பதில்லை. 2024ஆம் ஆண்டு, சமிக்ஞைக் குழப்பம் காரணமாக, பின்லாந்தின் ஃபின்எயார் நிறுவனம் எஸ்தோனியாவின் தார்த்து நகருக்கான சேவையை ஏறத்தாழ ஒரு மாதம் நிறுத்திவைக்க நேர்ந்தது. பெரிய நிறுவனமே அப்படித் தடுமாறியது. தனியாகப் பறக்கும் சிறு விமானியின் நிலை என்ன? திசைகாட்டி அவருக்கு இருக்குமிடத்தைச் சொல்லாது. ஆனால் திசையும் நேரமும் வேகமும் தெரிந்தால் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். கணக்கிடத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கருவி குறையற்றது என்று நான் சொல்லவரவில்லை. சொல்லப்போனால் அது ஒரு பெரிய பொய்யன். வட அகலக்கோடுகளில் வடக்கு நோக்கிப் பறந்தபடி கிழக்கே திரும்பினால், முதலில் மேற்கே திரும்புவதாகக் காட்டும். கிழக்கு நோக்கிச் செல்கையில் வேகத்தைக் கூட்டினால், வடக்கே திரும்புவதாகக் காட்டும். பூமியின் காந்தப் புலம் அங்கே தரையை நோக்கிச் சாய்ந்து இறங்குவதே காரணம். ஆனால் அந்தப் பொய்கள் ஒழுங்கான பொய்கள். எப்போது, எந்தப் பக்கம், எவ்வளவு என்று முன்கூட்டியே அறியலாம்.

இங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனைக்கு அருகாகச் செல்கிறது. தும்பாவை ரொக்கெட் ஏவுதளமாகத் தெரிவு செய்ததற்கும் அதுவே காரணம். இலங்கையிலும் காந்தச் சாய்வு மிகச் சொற்பம். ஆகவே இரத்மலானையில் பயிலும் மாணவனுக்குத் திசைகாட்டி ஏறக்குறைய உண்மையையே பேசும். திருப்பப் பிழைகளை அவன் பரீட்சைக்காக மனனம் செய்கிறான், கண்ணால் காண்பதில்லை. பின்னர் கனடாவுக்கோ இங்கிலாந்துக்கோ சென்று, முகிலுக்குள் திரைகள் அணைந்த ஒரு நாளில் அதை முதன்முதலாகக் கண்டால் என்ன செய்வான்? வெளிநாட்டில் பறக்கப்போகும் நம் பிள்ளைகளுக்கு, திரைகளை மூடிவிட்டு இந்தக் குமிழை மட்டும் கொண்டு பறக்கும் பயிற்சி அங்கு சென்றவுடனேயே அளிக்கப்பட வேண்டும் என்பேன். பல இடங்களில் இது பெயரளவில் நடந்துமுடிகிறது என்று விமானிகள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

காந்த முனையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. வடமுனை கனடாவிலிருந்து சைபீரியாவை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. ஓடுபாதைகளின் எண்கள் காந்தத் திசையை ஒட்டியவை. 04 என்றால் 40 பாகை. அதனால் 2011இல் அமெரிக்காவின் தம்பா விமான நிலையத்தில் 18 என்றிருந்த ஓடுபாதையை மூடி, 19 என்று மாற்றி எழுதினார்கள். ஆயிரம் செய்மதிகள் சுற்றினாலும், தாரில் தீட்டும் எண்ணை இன்னும் பூமியின் காந்தமே தீர்மானிக்கிறது என்பது எனக்கு ஏனோ மகிழ்ச்சி தருகிறது.

ஒலிப்பதிவுக் கருவியின் காலம் போய்விட்டது. இப்போது எல்லார் கையிலும் கைத்தொலைபேசி. அதனுள்ளும் ஒலிபெருக்கி, அதனுள்ளும் காந்தம். சிறிய விமானத்தில் விமானிக்கு அருகே அமரும் வாய்ப்பு வாசகர் எவருக்கேனும் கிடைத்தால், படமெடுத்து முடித்ததும் அதைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.