இரண்டாவது பெயர்

ஒரு கச்சேரி நோட்டீசில் எழுத்தின் அளவைப் பார்த்தாலே யாருக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துவிடும். பாடகர் பெயர் படத்தோடு பெரிதாக இருக்கும். வயலின், மிருதங்கம், கடம் எல்லாம் கீழே பொடி எழுத்தில். தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் பக்கத்துக் கூத்து நோட்டீசில் பல சமயம் அந்தப் பொடி எழுத்தும் கிடையாது. நாடகக் குழுவின் பெயர், வாத்தியார் பெயர், அன்றைய கதை, அப்புறம் உபயதாரர்களின் நீண்ட பட்டியல். விடிய விடிய முகவீணை ஊதியவர் யார், ஆர்மோனியப் பெட்டியில் இருந்தவர் யார் என்று மறுநாள் கேட்டால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய செவ்வியல் கச்சேரியைப் பற்றி இந்த முறை எழுத வைத்தது அந்த நோட்டீசுதான். தருமபுரிக்கும் பியானோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற வாசகர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வகைக் கச்சேரியில் மேடையில் இரண்டே பேர். தாளவாத்தியம் இல்லை, சுருதிப்பெட்டி இல்லை, பெரும்பாலும் மைக்கும் இல்லை. இருவரில் யார் பெரியவர் என்ற வழக்கு அங்கேயும் நீண்ட நாள் நடந்தது. மோட்ஸார்ட் சிறுவனாக எழுதி 1764இல் பாரிஸில் அச்சான சொனாட்டாக்கள் என்ற வாத்திய இசைப் படைப்புகள் விசைப்பலகைக்கானவை. வேண்டுமானால் வயலினைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே அன்றைய ஏற்பாடு. பின்னால் நிலைமை தலைகீழாயிற்று. வயலின்காரர் நட்சத்திரமானார், பியானோக்காரர் கூட வந்தவரானார். ஜெரால்ட் மூர் என்ற ஆங்கிலேயப் பியானோ கலைஞர் தன் வாழ்க்கைக் கதைக்கு ‘என் சத்தம் அதிகமாக இருக்கிறதா?’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார். வெளியானது 1962இல். ஆயுள் முழுக்கப் பிறருக்குத் துணையாக வாசித்த மனிதரின் குறும்பு அது. அதில் கொஞ்சம் காயமும் உண்டு.

பீத்தோவன் வயலினுக்கும் பியானோவுக்குமாகப் பத்து சொனாட்டாக்கள் எழுதினார். ஒன்பதாவது, 1803 மே 24 அன்று வியன்னாவில் அரங்கேறியது. பியானோவில் பீத்தோவன், வயலினில் ஜார்ஜ் பிரிட்ஜ்டவர், கறுப்பினத் தந்தைக்கும் ஐரோப்பியத் தாய்க்கும் பிறந்த இளைஞர். பிரதியெடுக்க நேரம் போதாததால் ஒரு பகுதியை பீத்தோவனின் கையெழுத்தைப் பார்த்தே அவர் வாசிக்க வேண்டியிருந்தது. பியானோவின் ஓட்டம் ஒன்றை வயலினில் அவர் திருப்பிச் சொன்னபோது பீத்தோவன் எழுந்து வந்து கட்டிக்கொண்டார் என்று பிரிட்ஜ்டவரே குறித்து வைத்திருக்கிறார். பிறகு இருவருக்கும் மனத்தாங்கல். 1805இல் அச்சானபோது படைப்பு பாரிஸ் வயலின் கலைஞர் க்ராய்ட்சருக்குக் காணிக்கையாயிற்று. அவரோ அதை மேடையில் வாசித்ததே இல்லை. ஆனாலும் உலகம் அதை ‘க்ராய்ட்சர் சொனாட்டா’ என்றே அழைக்கிறது. டால்ஸ்டாய் அந்தப் பெயரிலேயே ஒரு குறுநாவல் எழுதி அதை இன்னும் நிலைநிறுத்திவிட்டார். முதன்முதல் வாசித்தவர் பெயர் அட்டையிலிருந்து போனது போனதுதான்.

நம் கதையும் அதிகம் வேறல்ல. 1952இல் நேருவின் அழைப்பில் இந்தியா வந்த வயலின் கலைஞர் யெஹூதி மெனுஹின் பஞ்ச நிவாரணத்துக்காக வாசித்தார். மெனுஹினைத் தெரிந்த நம்மில் எத்தனை பேருக்கு அவரோடு நெடுங்காலம் பியானோ வாசித்த மார்செல் கஸேலைத் தெரியும்? 1933இல், பதினேழு வயது அண்ணனோடு உட்கார்ந்து மோட்ஸார்ட் சொனாட்டாவை இசைத்தட்டில் பதிந்த பதின்மூன்று வயதுத் தங்கை ஹெப்சிபாவைத் தெரியும்?

வயலின் நம் வீட்டுப் பிள்ளையாகி இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி ஐரோப்பியரிடம் அதைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு அது வாய்ப்பாட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. துவாரம் வெங்கடசாமி நாயுடு தனி வயலின் கச்சேரி செய்தது 1938இல். இடம் வேலூர். புதிதாக ஒன்று நடக்கச் சென்னைதான் வேண்டும் என்பதில்லை.

பியானோ வெளியிலேயே நின்றுவிட்டது. விசைக்கும் விசைக்கும் நடுவே இருக்கும் சுரத்தை அதில் தொட முடியாது, கமகம் வராது. இதே குற்றத்துக்காக ஆர்மோனியம் 1940இல் அகில இந்திய வானொலியிலிருந்து விலக்கப்பட்டது. 1971 வரை தடை நீடித்தது. கூத்து மேடை அந்தத் தடையைக் கண்டுகொள்ளவில்லை. முகவீணை வளைந்து நெளிந்து போகிறது, ஆர்மோனியம் அசையாமல் தரை போட்டுக் கொடுக்கிறது. ஒன்றால் முடியாததை மற்றது செய்கிறது. வயலினுக்கும் பியானோவுக்கும் இடையில் நடப்பதும் இதுதான். பாடகர் சிக்கில் குருசரணோடு பியானோ வாசிக்கும் அனில் ஸ்ரீநிவாசன் செய்வதும் ஏறக்குறைய இதுவே. குரல் ராகத்தைப் பார்த்துக்கொள்ள, பியானோ கமகத்தைப் போலி செய்ய முயலாமல் தன் வேலையைச் செய்கிறது. அந்த நிகழ்ச்சிகளை இருவர் நிகழ்ச்சி என்றே ஊர் பேசுகிறது.

ஆகவே இந்தக் காதுகள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. தருமபுரியைப் ‘பின்தங்கிய மாவட்டம்’ என்று சொல்லிச் சொல்லி நம்மைப் பழக்கிவிட்டார்கள். பியானோ வந்தால் நாகரிகம் வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. கேட்காத இசை ஒன்றைக் கேட்க நமக்கும் உரிமை உண்டு, அவ்வளவுதான். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் வயலின் உண்டு, பியானோ இல்லை. தேவாலயங்களில் ஞாயிறுதோறும் கீபோர்டு ஒலிக்கிறது. பெங்களூரு மூன்று மணி நேரப் பயணம். பியானோ ஆசிரியர்களும் நன்றாக வாசிக்கும் மாணவர்களும் அங்கே நிறைய. இருநூறு கிலோ பியானோவைக் கொண்டுவர முடியாவிட்டால் ஒருவர் தூக்கிவரக்கூடிய டிஜிட்டல் பியானோ போதும். எதிரொலிக்கும் கல்யாண மண்டபம் வேண்டாம். ஐம்பது பேர் அமரும் ஒரு பள்ளிக்கூட அறை போதும். இந்த இசை பிறந்ததே அறைகளுக்காகத்தான்.

நம் யோசனை இது. ஒரே மாலை, முதல் பாதியில் முகவீணையும் ஆர்மோனியமும், இரண்டாம் பாதியில் வயலினும் பியானோவும். நான்கு பேருக்கும் ஒரே சம்பளம். நோட்டீசில் நான்கு பெயரும் ஒரே அளவு எழுத்தில். அறை தரக்கூடிய பள்ளிகளும், வாசிக்க வரக்கூடிய கலைஞர்களும் எழுதலாம்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. வரும் பங்குனியில் உங்கள் ஊர்க் கூத்துக்கு நோட்டீசு அடிக்கும்போது முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் என்று ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு எழுதிச் சேருங்கள். இரண்டு வரி கூடுவதற்கு எந்த அச்சகமும் தனிக் காசு கேட்காது. அந்த நோட்டீசின் படி ஒன்றை எங்களுக்கும் அனுப்புங்கள். பெயர்களை இதழில் வெளியிடுவோம்.