இரத்த தான வரிசையில் கேட்ட கேள்வி

கடந்த தவணையில் எங்கள் பல்கலைக்கழக மண்டபத்தில் இரத்த தான முகாம் நடந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற நண்பன் தாழ்ந்த குரலில் கேட்டான்: "டேய், ரத்தம் கொடுத்தா எச்.ஐ.வி. இருக்கா இல்லையான்னு அவங்களே டெஸ்ட் பண்ணிச் சொல்லிருவாங்கதானே? அதுக்குன்னு தனியா கிளினிக்குக்குப் போக வேணாம்ல?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். ஆனால், விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இருவரும் வரிசையை விட்டு வெளியே வந்தோம்.

தானமாகப் பெறும் இரத்தம் எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, சி, சிஃபிலிஸ் ஆகியவற்றுக்காகப் பரிசோதிக்கப்படுவது உண்மைதான். ஆனால், கிருமி உடலில் புகுந்த உடனே பரிசோதனையில் தெரியாது. சில வாரங்கள்கூட அது அகப்படாமல் இருக்கக்கூடும். அந்த இடைவெளியில் ஒருவர் கொடுக்கும் இரத்தம் விபத்தில் அடிபட்டவருக்கோ தலசீமியா உள்ள குழந்தைக்கோ ஏற்றப்பட்டால் என்ன ஆகும்? சந்தேகம் உள்ளவர் செல்ல வேண்டிய இடம் கிளினிக்; இரத்த தான முகாம் அல்ல.

விளக்கியதும் அவன் புரிந்துகொண்டான். ஆனால், கிளினிக்குக்கு மட்டும் வரமாட்டேன் என்றான். "அங்க எங்கம்மாவுக்குத் தெரிஞ்ச நர்ஸ் இருக்காங்க." நோயைவிடப் பிறர் பார்வைக்குத்தான் அவன் அதிகம் அஞ்சினான்.

இந்த அச்சம் எங்கிருந்து வந்தது? இடைநிலைப்பள்ளியில் எங்கள் ஆசிரியர் அந்தப் பக்கத்தை வேகமாக வாசித்துக் கடந்தார். பின்வரிசையில் சிரிப்பு. தேர்வுக்காக நாங்கள் மனனம் செய்தது ஒரே வரி: எய்ட்ஸ் ஓர் உயிர்க்கொல்லி நோய், அதற்கு மருந்தில்லை. அந்த வரி இன்று பாதிக்கு மேல் தவறு.

முதலில், எச்.ஐ.வி.யும் எய்ட்ஸும் ஒன்றல்ல. எச்.ஐ.வி. என்பது கிருமி. நம் நோய் எதிர்ப்பாற்றலை வழிநடத்தும் சிடி4 அணுக்களை அது அழிக்கிறது. ஆரோக்கியமானவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவ்வணுக்கள் சுமார் 500 முதல் 1,500 வரை இருக்கும். அது 200க்குக் கீழ் இறங்கினாலோ, பலவீனமான உடலைத் தாக்கும் குறிப்பிட்ட சில நோய்கள் தோன்றினாலோ, அந்தக் கட்டத்தைத்தான் எய்ட்ஸ் என்கிறோம். சிகிச்சை பெறாதவர் அந்நிலையை அடையப் பத்தாண்டு வரைகூட ஆகலாம். அதுவரை வெளித்தோற்றத்தில் எதுவும் தெரியாமல் போகலாம். ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. பரிசோதனை ஒன்றே வழி.

இனி, மருந்து. 1996ஆம் ஆண்டு வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை வந்தபின் நிலைமை மாறியது. இன்று பலருக்கு நாளுக்கு ஒரு மாத்திரை போதும். முறையாக உட்கொண்டால், பெரும்பாலோருக்கு ஆறு மாதங்களுக்குள் கிருமி பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அந்நிலையில் நீடிப்பவரிடமிருந்து பாலுறவு வழியாகக் கிருமி பிறருக்குத் தொற்றுவதில்லை. இணையரில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள நூற்றுக்கணக்கான ஜோடிகளை ஐரோப்பாவில் பின்தொடர்ந்த 'பார்ட்னர்' ஆய்வின் இறுதி முடிவு 2019இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. சிகிச்சையால் கிருமி அடங்கியிருந்தவர்களிடமிருந்து துணைக்கு ஒரு தொற்றுகூட ஏற்படவில்லை.

முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை. மாத்திரையை நிறுத்தினால், உடலில் பதுங்கியிருக்கும் கிருமி மீண்டும் பெருகும். ஆகவே, ஆயுள் முழுக்க உட்கொள்ள வேண்டும். என் அம்மாவும் இனிப்பு நீருக்குத் தினமும் மாத்திரை போடுகிறார். யாரும் அவரிடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பதில்லை.

மலேசியாவில் முதல் தொற்று 1986இல் கண்டறியப்பட்டது. 2002இல் மட்டும் 6,978 புதிய தொற்றுகள் பதிவாயின. அப்போது போதை ஊசியைப் பகிர்ந்துகொள்வதே முக்கியக் காரணம். 2005இல் மெத்தடோன் சிகிச்சையும் 2006இல் ஊசி பரிமாற்றத் திட்டமும் தொடங்கியபின் அவ்வழித் தொற்று வெகுவாகக் குறைந்தது. இன்று பெரும்பாலான புதிய தொற்றுகள் பாலுறவு வழியாக ஏற்படுகின்றன. பாதிக்கப்படுவோரில் நம் வயதை ஒட்டியவர்கள் பலர்.

பரிசோதனையைச் சாதாரணமாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1998 முதல் அரசு கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்படுகிறது. இரத்தச் சோகை, சர்க்கரை அளவு ஆகியவற்றோடு இதுவும் ஒன்று. "உனக்கு ஏன் இந்தப் பரிசோதனை?" என்று எந்தத் தாயையும் யாரும் கேட்பதில்லை. தொற்று தெரிந்தால் உடனே சிகிச்சை. விளைவாக, தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிஃபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடென்று 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அச்சிறப்பைப் பெற்ற முதல் நாடு நாம். தாய்மார்களுக்குச் செய்ததை இளையோருக்கும் செய்ய முடியாதா?

"மருந்து உண்டு என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போகும்" என்பார்கள். பொறுப்பும் ஆணுறையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், பயம் என் நண்பனைக் காப்பாற்றவில்லை. உண்மையைத் தெரிந்துகொள்வதைத் தள்ளிப்போடத்தான் வைத்தது. பிறருக்குப் போகும் இரத்தத்தையே பரிசோதனைக் கருவியாக்கும் அளவுக்குக் கொண்டுசென்றது. தாமதமாகக் கண்டறிவதே இன்று பெரிய ஆபத்து.

எனவே, சில செய்திகளை நாம் மனத்தில் பதிக்க வேண்டும். அரசு சுகாதார கிளினிக்குகளில் பரிசோதித்துக்கொள்ளலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் தேவை. சுயப் பரிசோதனைக் கருவிகளும் உண்டு. அதில் தொற்று எனக் காட்டினால் கிளினிக்கில் உறுதிப்படுத்த வேண்டும். தொற்று நேர்ந்திருக்கலாம் என்று அஞ்சினால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைக் காண வேண்டும். 28 நாள் மருந்து அதைத் தடுக்கக்கூடும். குடிமக்களுக்கு முதல்நிலைச் சிகிச்சை மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். உணவைப் பகிர்வதாலோ கட்டியணைப்பதாலோ கொசுக்கடியாலோ எச்.ஐ.வி. பரவாது.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்கள் மனனம் செய்யும் அந்த ஒரு வரியோடு இன்னொன்றையும் சொல்லிக்கொடுங்கள்: சீக்கிரம் தெரிந்தால், சிகிச்சையோடு முழு வாழ்க்கை வாழலாம்.

இரண்டு வாரம் கழித்து, வேறொரு தாமானில் உள்ள கிளினிக்குக்கு இருவரும் போனோம். எண்ணை அழைத்ததும் அவன் உள்ளே சென்றான். முடிவை நான் இங்கே எழுதப் போவதில்லை, அது அவனுடையது. எதுவாக இருந்திருந்தாலும், திரும்பும் வழியில் இருவரும் ஒரே மேசையில்தான் ரொட்டி சானாய் சாப்பிட்டிருப்போம்.